வீட்டு வரிப் பெயர் மாற்றம்: என் அனுபவம்

அப்பா காலமான பின், சொத்து வரியை என் பெயருக்கு மாற்றக் கோரி எங்கள் ஊர் நகராட்சியில் விண்ணப்பித்தேன். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் அலுவலகத்தில் பெற்ற வாரிசுச் சான்றிதழ், தன் பங்கை விட்டுக்கொடுத்துத் தங்கை எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம், கடைசி அரையாண்டு ரசீது ஆகிய அனைத்தையும் இணைத்திருந்தும், நான்கு மாதங்களாக "பில் கலெக்டர் வெளியே போயிருக்கிறார்" என்ற பதிலே கிடைத்தது. (அவரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.)

பிறகு, தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் அது விளக்கம் கேட்பதாகும், பதிவேட்டில் உள்ள தகவலைக் கேட்பதாகாது; ஆகவே கோப்பு எண், அது எந்தப் பிரிவில் எத்தனை நாள் இருந்தது, அதில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் ஆகியவற்றை மட்டும் கேட்டேன். பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. 22-ஆம் நாளே நகல்கள் வந்துவிட்டன.

பத்திரத்தில் பழைய கதவு எண்ணும் வரிப் பதிவேட்டில் புதிய எண்ணும் இருந்ததால் கோப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை எனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. இரண்டு எண்களும் ஒரே வீட்டுக்குரியவை என்பதைக் காட்டும் பழைய ரசீதுகளைக் கொடுத்தேன். அடுத்த வாரமே பெயர் மாறியது.