எக்கோ சவுண்டர் திரையைப் படிப்பது எப்படி?

எக்கோ சவுண்டர் என்பது நீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியை வைத்து ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் படகுக் கருவி. முதலில் அதன் டிரான்ஸ்டியூசரை, அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் பாகத்தை, சரியான இடத்தில் மாட்டுங்கள். நான் முதல் தடவை அதைப் புரொப்பல்லருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, திரை முழுக்கப் புள்ளிகள் வந்ததும் மீன் கூட்டம் என்று குதூகலித்தேன். அத்தனையும் காற்றுக் குமிழி!

அடுத்து அலைவரிசை. ஆழத்துக்கு 50 கிலோஹெர்ட்ஸ். ஆழம் குறைந்த இடத்தில் நுணுக்கமாகப் பார்க்க 200. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். எதிரொலி 0.04 நொடியில் திரும்பினால் போக வர 60 மீட்டர், ஆழம் 30. கருவியே போட்டுவிடும் கணக்குதான், இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

30 மீட்டரில் கடலடியைக் காட்டும் ஒரு கோடும் 60-இல் மங்கலாக இன்னொன்றும் தெரிகிறதா? ஒலி நீர்மட்டத்தில் பட்டு, மறுபடி இறங்கி ஏறியிருக்கிறது. அப்படியானால் அடியில் பெரும்பாலும் பாறை, அல்லது கெட்டி மணல். சேறாக இருந்தால் இந்த இரண்டாம் கோடு அநேகமாக வராது.

மீன் வில்லாக வளைந்து தெரியும். ஒலியை அதிகம் திருப்பி அனுப்புவது சதை அல்ல, உள்ளே இருக்கும் காற்றுப்பை. அது இல்லாத சுறா, உடம்பின் அளவுக்கு மங்கலாகத்தான் விழும். வில்லின் நீளத்தை வைத்து மட்டும் மீனை அளக்காதீர்கள். படகு மெதுவாகப் போனால் சின்ன மீனும் நீண்டு கிடக்கும்.