உண்ணி பார்க்கப் பழகுவோம்: மட்டக்களப்பு, அம்பாறைக் காட்டோரத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

மாட்டில் இருந்தால் மாட்டுண்ணி, நாயில் இருந்தால் நாயுண்ணி. இப்படித்தான் நம்மில் பலர் பெயர் வைக்கிறோம். மயிலத்தமடு, மாதவணை மாதிரியான மேய்ச்சல் தரையில் இந்தக் கணக்கு சரிவராது. பகலில் பட்டி மாடு மேய்ந்த புல்லில் இரவில் பன்றியும் மரையும் திரிகின்றன. பெரும்பாலான உண்ணிகள் ஒரு விலங்கில் குடித்துவிட்டு விழுந்து, தோலுரித்து, அடுத்த விலங்கில் ஏறுபவை. அதனால் எந்த உடம்பில் கிடைத்தது என்பது வெறும் துப்புத்தான். பெயரைச் சொல்ல வேண்டியது உண்ணியின் வாயும் முதுகும்.

தேவையானவை: 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், கூர்முனைச் சாவணம், சின்னப் போத்தல், பாமசியில் வாங்கும் ஸ்பிரிட், பென்சில். பேனா வேண்டாம், ஸ்பிரிட் பட்டால் மை கரைந்துவிடும்.

படி 1: எடுப்பது

உங்கள் மாடு, ஆடு, நாயில் பாருங்கள். பற்றைக்குள் போய் வந்தால் காற்சட்டையில் பாருங்கள். வெள்ளைத் துணியொன்றைப் புல்லின் மேல் மெல்ல இழுத்தாலும் ஏறிக்கொள்ளும். காட்டு விலங்கைப் பிடித்துத் தேடும் வேலை வேண்டாம். அழுங்கு, உடும்பு, நட்சத்திர ஆமை எல்லாம் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. லாகுகலை, குமணை போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் அனுமதியில்லாமல் எதையும் சேகரிக்கவும் கூடாது.

கடித்துக்கொண்டிருக்கும் உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுங்கள். மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி வைத்தியம் எல்லாம் வேண்டாம். வாய் முறிந்து தோலுக்குள் நின்றால் நமக்கும் நட்டம், ஏனென்றால் படி 4 முழுக்க வாயைப் பற்றியதுதான். காதுக்குள் போனதை வீட்டில் நோண்டவே கூடாது, நேரே ஆஸ்பத்திரி.

படி 2: காலை எண்ணுங்கள்

ஆறு கால் என்றால் இளம்புழு. உகந்தையிலிருந்து குமணைக் காடு வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்களின் காலில் கூட்டமாக ஏறும் பொடி உண்ணிகள் பெரும்பாலும் இவைதான். கைலென்ஸால் இவற்றுக்குப் பெயர் சொல்ல முடியாது, விட்டுவிடுங்கள். எட்டுக் கால் என்றால் இளவுண்ணி (இளம்புழுவுக்கும் வளர்ந்ததற்கும் இடைப்பட்ட பருவம்) அல்லது வளர்ந்தது. திருப்பிப் போட்டு முன்கால்களுக்கு நடுவே பாருங்கள். அங்கே இனப்பெருக்கத் துளை இருந்தால் வளர்ந்தது.

படி 3: முதுகுக் கேடயம்

வளர்ந்த உண்ணியில் கடினமான தகடு முதுகு முழுவதையும் மூடினால் ஆண். வாயை ஒட்டிய முன்பகுதியை மட்டும் மூடினால் பெண். இரத்தம் குடித்த பெண் ஆமணக்கு விதை போல ஊதிவிடும். ஆணையும் அதையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு இனம் என்றே தோன்றும். ஊதிய உடம்பைப் பார்க்காதீர்கள், தகடு ஊதாது, அதைப் பாருங்கள். தகடே இல்லை, மேலிருந்து பார்த்தால் வாயும் தெரியவில்லை என்றால் அது மென்னுண்ணி, வேறு குடும்பம்.

படி 4: வாய்

இங்கே அவசரப்படாதீர்கள். தலைப்பகுதியை மேலிருந்து பாருங்கள். நடுவில் குத்தும் உறுப்பு, இருபக்கமும் ஒவ்வொரு உணர்நீட்சி, பின்னால் இவற்றைத் தாங்கும் அடித்தட்டு.

அடித்தட்டை விட வாய் நன்றாக நீண்டிருந்தால் அம்பிளியோமா அல்லது ஹயலோமா என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) தொடங்கலாம். காலில் வெளிர்ப் பட்டைகள் இருந்தால் ஹயலோமா பக்கம் சாயுங்கள். இக்சோடிஸுக்கும் நீண்ட வாய் உண்டு. ஆனால் அதற்குக் கண் (கேடயத்தின் ஓரத்தில் தெரியும் சிறு புள்ளி) இல்லை, வயிற்றில் மலத்துளைக்கு முன்னால் வளைந்து போகும் ஒரு பள்ளம் இருக்கும். மற்றவற்றில் அந்தப் பள்ளம் துளைக்குப் பின்னால்.

வாய் குட்டையா? அடித்தட்டின் வடிவத்தைப் பாருங்கள். அறுகோணம் என்றால் ரிப்பிசெபாலஸ். செவ்வகமாக இருந்து, உணர்நீட்சிகள் பக்கவாட்டில் புடைத்து, கண்ணும் இல்லையென்றால் ஹீமாபிசாலிஸ். செவ்வகம், கண் உண்டு, கேடயத்தில் வெள்ளைப் பூச்சுக் கோலம் என்றால் டெர்மசென்டர்.

ரிப்பிசெபாலஸுக்குள் இனப் பெயர் வரை ஒரு படி மேலே போகலாம். உடம்பின் பின்விளிம்பில் வரிசையான சிறு கட்டங்கள் இருக்கின்றனவா? இல்லையென்றால், மாட்டில் கிடைத்தது அநேகமாக மைக்ரோபிளஸ். இது மட்டும் இளம்புழு முதல் வளரும்வரை ஒரே மாட்டிலேயே இருந்துவிடும். கட்டங்கள் உண்டு, நாயில் கிடைத்தது என்றால் சாங்குவினியஸாக இருக்கலாம். ஆனால் ஆணின் மலத்துளைக்கு இருபுறமும் உள்ள தகடுகள் அரிவாள் வடிவில் இருந்தால் அது ஹீமாபிசலோய்டிஸ். மாடு, ஆடு, பன்றி, முயல் என்று எதையும் விடாத இனம் அது.

படி 5: இப்போது விலங்கைக் கேளுங்கள்

வாயும் முதுகும் பேரினத்தைச் சொன்ன பிறகுதான் விலங்கு உதவிக்கு வர வேண்டும். நட்சத்திர ஆமையில் கிடைத்த அம்பிளியோமா என்றால் கிளைப்பியேட்டம் என்று யோசிக்கலாம். உடும்பில் என்றால் ஜெர்வைசி, அழுங்கில் என்றால் ஜாவனென்ஸ். மரை, பன்றி, எருமையில் என்றால் இன்டெக்ரம். பன்றியில் கோலம் போட்ட டெர்மசென்டர் கிடைத்தால் ஔராட்டஸ். இன்டெக்ரம், ஔராட்டஸ் இரண்டின் இளவுண்ணிகளும் மனிதர் காதுக்குள் போவதில் பேர்போனவை. காட்டில் வளர்ந்த பன்றியின் உண்ணி என்பது காதிலிருந்து எடுத்தவருக்கு எங்கே தெரியப்போகிறது?

படி 6: சீட்டு

திகதி, இடம், விலங்கு, உடம்பில் எந்தப் பகுதி என்று பென்சிலால் எழுதி, சீட்டைப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள். மேற்பக்கம், வயிறு, வாய் மூன்றையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். இனத்தில் சந்தேகம் இருந்தால் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் போத்தலைக் கால்நடை வைத்தியரிடமோ பல்கலைக்கழக விலங்கியல் ஆட்களிடமோ காட்டுங்கள். சீட்டு சரியாக இருந்தால் மீதியை அவர்கள் நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்வார்கள்.