பந்து வாங்கும் முன் ஒரு அக்காவைத் தேடுங்கள்

வடசென்னையில் வியாசர்பாடி, காசிமேடு, புளியந்தோப்பு பக்கம் பெண் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் பயிற்சி தொடங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டியது அதே தெருவில் வளர்ந்த, ஆடத் தெரிந்த ஒரு அக்காவை. "வெயில்ல ஆடினா கறுத்துடுவ, அப்புறம் யாரு கட்டிப்பா?" என்ற பேச்சுக்கு நம் பதில் எடுபடாது. அதே நிறத்தில் ஒரு அக்கா விசிலோடு கிரவுண்டில் நின்றால் எடுபடும்.

2012இல் அமெரிக்காவின் கேபி டக்ளஸ் ஜிம்னாஸ்டிக்ஸில் எல்லாப் பிரிவும் சேர்ந்த ஒலிம்பிக் ஆல்ரவுண்ட் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். 2016இல் அதே தங்கம் இன்னொரு கறுப்பினப் பெண்ணான சிமோன் பைல்ஸுக்கு. ஆனால் கறுப்பினப் பெண்களின் அடர்ந்த சுருள்முடிக்கென்றே செய்த நீச்சல் தொப்பிக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில் அனுமதி கிடைக்கவில்லை, 2022இல்தான் கிடைத்தது. தனக்குப் பொருந்தாத தொப்பியைப் பார்க்கும் சிறுமி, இந்த ஆட்டம் நமக்கில்லை என்றுதான் நினைப்பாள். ஆண்கள் அளவு ஜெர்சியைக் கொடுத்தால் நம் பிள்ளையும் அப்படித்தான் நினைப்பாள்.

கேரமில் உலகப் பட்டம் வென்ற வியாசர்பாடி இளவழகி (2008), 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய செரியன் நகர் காசிமா இருவரின் படங்களையும் சுவரில் ஒட்டுங்கள். ஆனால் படம் லேஸ் கட்டிவிடாது. பக்கத்தில் குனிந்து கட்டிவிட ஆள் வேண்டும்.

முதல் மாதம் பன்னிரண்டு பேர் போதும். இரண்டு பேருக்கு ஒரு பந்து. பன்னிரண்டு வயது வரை 4ஆம் சைஸ், அதற்கு மேல் 5. வார்ம்-அப், டிரில், டீம் தேர்வு மூன்றும் அக்கா கையில் இருக்கட்டும். அட்டென்டன்ஸ் எடுக்கவும் தண்ணி பாட்டில் தூக்கவும் மட்டும் அவரை வைத்தால் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். சம்பளமும் ஆண் கோச்சுக்குக் கொடுப்பதே.

தண்ணி லாரி வரும் நேரத்தில் பயிற்சி வைக்காதீர்கள். குடம் தூக்குவது பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான். கிரவுண்ட் நேரத்தைப் பையன்கள் டீமோடு பேசி எழுதியே வாங்குங்கள்.

வயசுக்கு வந்ததும் வராமல் போவதுதான் பெரிய இழப்பு. வீட்டுக்கு சார் போகக் கூடாது, அக்கா போய் அம்மாவிடம் பேசட்டும். யார் கூட்டி வருவார்கள், பாத்ரூம் எங்கே, என்ன டிரெஸ் என்று அம்மா கேட்பார். பாத்ரூம் சாவி அக்காவிடம். கிட் பையில் பேட் பாக்கெட், இரண்டு அடர்நிற ஷார்ட்ஸ், லெக்கிங்ஸ். வெள்ளை ஷார்ட்ஸ் வேண்டவே வேண்டாம். வெள்ளை உடையே விதியான விம்பிள்டன் டென்னிஸே 2023 முதல் பெண்களுக்கு அடர்நிற உள்ஷார்ட்ஸை அனுமதிக்கிறது.

இரண்டாம் வருடம் பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தியிடம் சின்னவர்களின் வார்ம்-அப்பை ஒப்படையுங்கள். விசிலையும் அவளிடமே கொடுங்கள்.