இளநிலை இயற்பியல் வகுப்பை எடுக்கப் போகிறவருக்கு

எங்கள் துறைக்குப் புதிதாக யாராவது வேலைக்கு வந்தால் முதல் வாரத்திலேயே முதலாமாண்டு வகுப்பை அவர்கள் கையில் கொடுத்து, கூடவே இருபது முப்பது பிள்ளைகளுக்கு மென்டர், அதாவது வழிகாட்டி, என்றும் பெயர் போட்டுவிடுவார்கள். கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான நெட், செட் தகுதித் தேர்வுக்குப் படிக்கும்போது இதற்கெல்லாம் யாரும் பழக்குவதில்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் நெடுங்காலம் இயற்பியல் நடத்தியவள் நான். புதிதாக வருகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்வதை இங்கே எழுதுகிறேன். சாரம் ஒன்றுதான்: நீங்கள் சொல்வதற்கு முன்னால் மாணவரைச் சொல்ல வையுங்கள். வகுப்பிலும் சரி, லேபிலும் சரி, மேற்படிப்பு பற்றிப் பேசும்போதும் சரி, எனக்குக் கை கொடுத்தது இதுதான்.

முதல் வகுப்பில் சிலபஸைத் திறக்க வேண்டாம். ஒரு சாக்பீஸை நேராக மேலே எறிந்து பிடியுங்கள். "உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன் முடுக்கம் எவ்வளவு? அதன் மேல் என்ன விசை இருக்கிறது?" என்று கேட்டு, ஆளுக்கு ஒரு துண்டுத் தாளில் பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவர்களிலும் நிறையப் பேர் முடுக்கம் சுழி என்று எழுதுவார்கள். கை கொடுத்த விசை இன்னும் சாக்பீஸுக்குள் மிச்சம் இருப்பதாகச் சிலர் எழுதுவார்கள். அதை வைத்துப் பிள்ளைகளை எடை போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டீனஸும் அவரோடு சேர்ந்தவர்களும் விசை பற்றிய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்க ஒரு வினாத்தொகுப்பை 1992இல் வெளியிட்டார்கள். அங்கேயும் இதே கதைதான். கணக்கைச் சரியாகப் போட்டுவிடுகிற மாணவருக்குள்ளும், ஒரு பொருள் நகர்ந்தால் அந்தத் திசையில் விசை இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

தாள்களை வாங்கியதும், உச்சியிலும் புவியீர்ப்பு கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, அதனால் முடுக்கம் சுழி இல்லை என்ற சரியான விடையைச் சொல்லிவிடத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். "உச்சியில் வேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால் அடுத்த கணம் சாக்பீஸ் என்ன செய்யும்?" என்று மட்டும் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு 2 நிமிடம் வாதாட விடுங்கள். அந்தரத்திலேயே நின்றிருக்க வேண்டுமே என்று ஒரு மூலையிலிருந்து குரல் வரும். அப்புறம் மறுபடி கை தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்திலிருந்து கிட்டத்தட்ட இப்படித்தான் பெரிய வகுப்புகளை நடத்தினார். இப்போதுதான் புரிந்துகொண்ட பிள்ளைக்கு எந்த இடத்தில் சிக்கினோம் என்பது இன்னும் நினைவிருக்கும், அதனால் பக்கத்துப் பிள்ளைக்கு அவளால் நம்மைவிட நன்றாகச் சொல்ல முடியும் என்பது அவர் சொன்ன காரணம். 60 பேர் உட்கார்ந்திருக்கும் நம் வகுப்பிலும் இது நடக்கும். சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு இப்படி ஒரு கேள்வி போதும்.

இந்த வாதம் தமிழில்தான் நடக்கும், நடக்கட்டும். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வருகிற பிள்ளைகள் முதல் பருவத்தில் வாயே திறப்பதில்லை. ஆங்கிலத்தில் பதில் சொல்லும்படி நிற்க வைத்தால், இயற்பியல் தெரிந்த பிள்ளையும் உட்கார்ந்துவிடும். தமிழில் யோசித்து முடித்த பிறகு, அந்த விடையை இரண்டே வரியில் ஆங்கிலத்தில் எழுத வையுங்கள். தேர்வுக்குத் தேவையான மொழி அப்படிச் சிறுகச் சிறுக வந்துவிடும்.

டெரிவேஷனைப் போர்டில் முழுசாக எழுதிக் காப்பி அடிக்க விடுவது எல்லாருக்கும் சௌகரியம், யாருக்கும் பயனில்லை. பாதியில் நிறுத்தி, அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று கேளுங்கள். முடிவு வந்ததும் அதை உரசிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். கப்பியின் இரு பக்கமும் தொங்கும் எடைகளின் கணக்கில் முடுக்கத்துக்கு ஒரு சமன்பாடு வருகிறது அல்லவா? இரண்டு நிறையும் சமம் என்று வைத்தால் சுழி வர வேண்டும். ஒரு பக்கம் நிறையே இல்லை என்றால் மற்றது தடையின்றி விழ வேண்டும், 9.8 வர வேண்டும். இது பழகிவிட்டால் பின்னால் குவாண்டம் இயக்கவியல் வரைக்கும் கூட வரும். கணிதம் பலவீனமாக இருப்பவர்களுக்குத் தனியாகப் பத்து வகைக்கெழுக் கணக்கு கொடுப்பதைவிட, ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் கையால் வரைபடம் போட வைப்பது மேல்.

லேபைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இளநிலை இயற்பியல் கெடுவதும் தேறுவதும் அங்கேதான். நம் கல்லூரிகளில் சீனியரின் ரெக்கார்ட் நோட்டு ஜூனியர் கைக்கு வந்துவிடும். வர வேண்டிய விடை முன்னாலேயே தெரியும், அதற்கேற்ற ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதுவார்கள். திட்டினால் இது நிற்காது. அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும், தவறினால் ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று வையுங்கள். கணக்கீட்டுக்கு முன், வெறும் ரீடிங்காக இருக்கும்போதே கையெழுத்துப் போடுங்கள். ஆண்டுதோறும் சாமான்களை மாற்றுங்கள். வேறு அகல, தடிமன் உள்ள அளவுகோல், வேறு உலோகக் கம்பி என்று மாறினால் பழைய ரெக்கார்ட் உதவாது. முக்கியமாக, விடை தப்பாக வந்து, ஏன் தப்பியது என்று யோசித்து எழுதியவருக்கு இன்டர்னலில் நல்ல மார்க் போடுங்கள். உண்மையை எழுதினால் மார்க் குறையும் என்று பிள்ளைகள் நினைக்கிற வரையில் பொய் ரீடிங் போகாது.

சோதனை தொடங்குமுன் கேட்க ஒரு கேள்வி சொல்கிறேன். மர அளவுகோலின் நடுவில் எடை தொங்கவிட்டு, அந்த மரம் எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் யங் குணகத்தைக் காணும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், தடிமன், நடுவில் இறங்கும் தூரம் என்று நான்கை அளக்கிறோம். "இதில் எதை மிகக் கவனமாக அளக்க வேண்டும்?" என்று கேட்டால், நகரும் நுண்ணோக்கி வைத்து அளப்பதால் இறக்கத்தைத்தான் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். சமன்பாட்டில் தடிமன் மும்மடியாக வருகிறது. 6 மில்லிமீட்டர் தடிமனில் 0.1 மில்லிமீட்டர் பிசகினால் கிட்டத்தட்ட 1.7 சதவீதம், யங் குணகத்தில் அது 5 சதவீதமாகிவிடும். மரம் ஓர் இடத்தைப் போல இன்னோர் இடத்தில் இருக்காது. ஆக, திருகு அளவியை ஒரே இடத்தில் வைத்து ஒரு ரீடிங் எடுத்துவிட்டுப் போகிற பழக்கம்தான் விடையைக் கெடுக்கிறது. இறக்கமோ, 70 சென்டிமீட்டர் இடைவெளியில் 50 கிராமுக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாமல் போகலாம். நுண்ணோக்கியின் மீச்சிற்றளவு, அதாவது அதில் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.001 சென்டிமீட்டர். அப்படியானால் 50 கிராம் வித்தியாசத்தை எடுப்பதா, 200 கிராம் வித்தியாசத்தை எடுப்பதா என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பிழை பற்றிய பாடத்தைத் தனியாக நடத்தவே வேண்டியதில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்த சி.வி. ராமன், நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும்போது, தேவைப்படாத சில பட்டைகள் தெரிவதைக் கவனித்தார். செவ்வகத் துளையில் ஒளி சாய்வாக விழும்போது வரும் சமச்சீரற்ற விளிம்பு விளைவுப் பட்டைகள் (ஒளி விளிம்பில் வளைவதால் உண்டாகும் பட்டைகள்) அவை. அதைப் பற்றிய கட்டுரை 1906 நவம்பரில் லண்டனின் பிலசாபிகல் மேகசினில் வந்தது. அவருக்கு வயது 18. இன்றும் நம் பிள்ளைகள் அதே சோதனையைத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு லேப் வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிடத்தை, செய்முறைத் தாளில் இல்லாத ஏதாவது ஒன்றைப் பார்க்க ஒதுக்குங்கள். கீற்றணியும் (நெருக்கமாகக் கோடுகள் போட்ட, ஒளியை நிறம் பிரிக்கும் தகடு) சோடியம் விளக்கும் வைத்திருக்கும் நாளில், பிளவைக் குறுக்கி இரண்டாம் வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றை மஞ்சள் கோடு 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் அலைநீளங்கள் என்று இரண்டாகப் பிரியும். சென்டிமீட்டருக்கு 6000 கோடுள்ள கீற்றணியில் அந்த இடைவெளி 3 நிமிடக் கோணத்துக்குக் கொஞ்சம் கூடுதல். முதல் வரிசையில் ஏன் கஷ்டமாக இருக்கிறது, பிளவு அகலமானால் ஏன் மறைகிறது என்று அவர்களே கேட்க ஆரம்பிப்பார்கள்.

சுற்றுலா போகும்போதும் கேள்வியோடு கூட்டிக்கொண்டு போங்கள். 1970இலிருந்து இயங்கும் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை ஏன் சமவெளியில் கட்டாமல் சுமார் 11 பாகை சரிந்த மலைச்சரிவில் கட்டினார்கள் என்று பஸ் ஏறுமுன் கேட்டுவிடுங்கள். ஊட்டியின் அட்சரேகையும் ஏறத்தாழ அதுதான் என்று யாராவது கண்டுபிடித்தால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாக இருப்பதும், ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் ஒரு மூலத்தை மணிக்கணக்கில் தொடர முடிவதும் வழியிலேயே விளங்கிவிடும். அனுமதிக் கடிதத்தை வெகு முன்பே அனுப்ப வேண்டும்.

சரி, மென்டர் வேலைக்கு வருவோம். மற்ற ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு "என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல மேடம்" என்பதுதான் பதிலாக வரும். லேப் முடிந்து சாமான் எடுத்து வைக்கும்போது பேச்சுக் கொடுங்கள். "மேலே என்ன படிக்கப் போறே?" என்று தொடங்க வேண்டாம். எத்தனை மணிக்குப் பஸ், வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், எந்த ஆண்டு நீ வேலைக்குப் போயாக வேண்டும், போன வாரம் எந்தப் பாடத்துக்கு நேரம் போனதே தெரியவில்லை என்று கேளுங்கள். இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் எந்த யோசனையும் சொல்லாதீர்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளை என்றால், புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்றும் விசாரித்துவிடுங்கள்.

மேற்படிப்பில் பிள்ளைகளைத் தோற்கடிப்பது பெரும்பாலும் தேதிதான். கடைசிப் பருவத் தேர்வு முடிந்து மே மாதம் வந்து, "ஐஐடியில் எம்.எஸ்சி. சேர என்ன செய்யணும் மேடம்?" என்று கேட்பார்கள். அதற்கான நுழைவுத் தேர்வான ஜாமுக்கு விண்ணப்பம் வழக்கமாக முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்து, பிப்ரவரியில் தேர்வும் நடந்துவிடும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு டிசம்பரில். அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து தரும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கும் முந்தைய ஆண்டின் கடைசியில் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே இந்தப் பேச்சை இரண்டாமாண்டு முடிவதற்குள் பேசிவிடுங்கள். ஜாம் பாடத்திட்டம் பெரும்பாலும் நம் பி.எஸ்சி. பாடம்தான். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் 30 கேள்விகளுக்கு மட்டும்தான் தப்பினால் மார்க் கழியும். எண்ணாக விடை எழுதும் 20 கேள்விகளுக்குக் கழியாது. பழைய வினாத்தாள் ஒன்றை முன்னால் வைத்து, முதலில் தெரிந்ததைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோச்சிங் வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். பெங்களூரு ஐஐஎஸ்சியில் பி.எஸ்சி. முடித்தவுடன் உதவித்தொகையோடு நேராக முனைவர் பட்டம் வரை போகும் படிப்பு இருப்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாது.

ஆராய்ச்சிக்குப் போகிறவரைத்தான் நல்ல மாணவர் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது எனக்குப் பிடிக்காது. பி.எட். முடித்துக் கிராமத்துப் பள்ளியில் இயற்பியல் நடத்தப் போகிறவருக்கும் இதே அக்கறை வேண்டும். மருத்துவ இயற்பியல் படித்துப் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் வேலை, வானிலைத் துறையில் அறிவியல் உதவியாளர் வேலை, டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு எல்லாம் பட்டியலில் இருக்கட்டும்.

பெண் பிள்ளை வெளியூரில் இடம் வாங்கினால், அடுத்த நாள் அப்பா வந்து நிற்பார். "அவ்வளவு தூரம் எப்படி டீச்சர் அனுப்புறது?" அப்போது ஐன்ஸ்டைன் பற்றிப் பேசுவதில் பயனில்லை. ஹாஸ்டல் எப்படி, எந்த ரயில், முதல் மாதம் கையில் எவ்வளவு பணம் வேண்டும், உதவித்தொகை எப்போது வரும் என்று ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அங்கே ஏற்கெனவே படிக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினால் பாதிப் பயம் போய்விடும்.

அரியர் வைத்திருப்பவரைப் பொதுவாக "ஒழுங்காகப் படி" என்று அனுப்ப வேண்டாம். எந்தத் தாள், அதில் எந்த யூனிட் புரியவில்லை என்று அவரையே எழுதச் சொன்னால், பெரும்பாலும் ஒன்றிரண்டு யூனிட்டில் நிற்கும். அதற்கு மட்டும் உட்காருங்கள். பேச்சு படிப்பைத் தாண்டி உயிர் மேல் வெறுப்பாகத் தெரிந்தால், நீங்களே சமாளித்துவிடலாம் என்று நினைக்காமல் அன்றே கல்லூரி ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலும் பேசுவார்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறவரிடம், "என் வகுப்பில் நீ செய்ததில் உனக்கு நினைவிருக்கிற ஒரு விஷயத்தைப் பத்து வரியில் எழுதிக்கொண்டு வா" என்று சொல்லுங்கள். கடின உழைப்பாளி, நல்லொழுக்கம் உள்ளவர் என்று எல்லாருக்கும் எழுதுகிற வரிகளை யாரும் படிப்பதில்லை. தடிமனைப் பத்து இடத்தில் அளந்து, தன் விடை ஏன் புத்தக மதிப்பிலிருந்து விலகியது என்று காரணம் கண்டுபிடித்தவள் என்று எழுதினால் படிப்பார்கள். கடைசி நாள் வரை காத்திருக்காமல் இரண்டு வாரம் முன்னால் கேட்கும்படி வகுப்பிலேயே சொல்லிவையுங்கள்.