லெட்டிங் ஏஜென்ட்டின் தொடர் கமிஷன்: வீட்டுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் ஹாரோ பக்கம் முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவர், சென்ற மாதம் ஒரு பில்லைக் கொண்டுவந்து காட்டினார். லெட்டிங் ஏஜென்ட், அதாவது வாடகைக்கு ஆள் பார்த்துத் தரும் முகவர், குடித்தனக்காரரைப் பிடித்துக் கொடுத்து ஓராண்டு முடிந்திருந்தது. அதன் பிறகு அந்த அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை. இப்போது இரண்டாம் ஆண்டுக் கமிஷன் என்று பில் மட்டும் வந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற பில்லுக்கு நான் பணம் கட்டியவன் என்பதால் இதை எழுதுகிறேன். வாடகை முன்பணத்தைப் பதிவு செய்வது, எரிவாயுச் சான்றிதழ் வாங்குவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள்; நான் இந்தக் கமிஷனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒருமுறைக் கட்டணம் என்று நம்பிவிடுவது

ஆள் பார்த்துத் தருவதற்கு மட்டும் 8 சதவீதம் என்று சொன்னார்கள். நானும் அது ஒரே தடவை கட்டும் தொகை என்று எண்ணிக்கொண்டு, சமையலறை மேசையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த விதியோ, அந்தக் குடித்தனக்காரர் வீட்டில் இருக்கும் காலம் முழுவதும், ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில் ஏஜென்ட்டுக்குப் பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கமிஷன் தரவேண்டும் என்றது. மாத வாடகை 1,500 பவுண்ட் என்றால் ஆண்டுக்கு 18,000. அதில் 8 சதவீதம் 1,440. அதன் மேல் 20 சதவீத வாட் வரி 288 சேர்ந்தால் 1,728 பவுண்ட். குழாய் ஒழுகினால் நான் போய்ப் பார்த்தேன். வாடகையும் என் கணக்குக்கு நேராகவே வந்தது. அப்படியிருந்தும் இரண்டு ஆண்டுகள், மொத்தம் 3,456 பவுண்ட், வாய் திறக்காமல் கட்டினேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே ஃபாக்ஸ்டன்ஸ் என்ற லண்டன் ஏஜென்ட் நிறுவனத்துக்கு எதிரான 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சொல்வார்கள். நுகர்வோர் நலனைக் கவனித்த அரசு அமைப்பான நியாய வணிக அலுவலகம் (OFT) தொடுத்த அந்த வழக்கில், புதுப்பிப்புக் கமிஷன் விதிகள் நியாயமற்றவை என்று லண்டன் உயர் நீதிமன்றம் கூறியது உண்மைதான். ஆனால் வீட்டுக்காரர் எதிர்பார்க்காத இவ்வளவு பெரிய சுமையைப் பளிச்சென்று எடுத்துக்காட்டாமல் விதிகளுக்குள் வைத்திருந்தது அங்கே முக்கியமான குறையாக இருந்தது. முன்கூட்டியே தெளிவாகக் காட்டி, விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கிய ஏஜென்ட்டிடம் அதே வாதம் எடுபடும் என்று நம்பி இருக்கக் கூடாது. அந்தத் தீர்ப்பு நுகர்வோருக்கான பாதுகாப்பை வைத்து வந்தது என்பதால், பல வீடுகளைத் தொழிலாகவே வாடகைக்கு விடுபவர் நுகர்வோர் அல்லர் என்ற எதிர்வாதமும் வரும். ஆகவே அந்த விதியைக் கையெழுத்திடும் முன்பே அடித்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால், அது எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தத் தேதியோடு முடிகிறது என்று எழுதி வாங்குங்கள்.

இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் காலவரையறை வாடகை ஒப்பந்தங்கள் போய்விடுவதால் புதுப்பிப்பு என்ற பேச்சே இராது என்று சிலர் நிம்மதி கொள்கிறார்கள். விதியில் இருப்பது “புதுப்பித்தல்” என்ற சொல்லா, “தொடர்ந்து குடியிருத்தல்” என்ற சொல்லா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் சட்டம் மாறியதனால் மட்டும் அந்தக் கமிஷன் நின்றுவிடாது.

முதல் பில்லை மறுப்பின்றிக் கட்டுவது

கட்டித்தான் ஆகவேண்டுமென்றால், ஆட்சேபத்துடன் கட்டுவதாக அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். என் தரப்பைப் பலவீனமாக்கியது நான் மௌனமாகக் கட்டிய அந்த இரண்டு பில்கள்தான்.

தொலைபேசியில் சண்டையிடுவது

எழுதுங்கள். எழுத்து மூலமான புகாருக்கு எட்டு வாரங்களில் தீர்வு வராவிட்டால், ஏஜென்ட் சேர்ந்திருக்கும் குறைதீர்ப்புத் திட்டத்துக்குப் போகலாம். 2014 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் லெட்டிங் ஏஜென்ட்கள் அப்படி ஒரு திட்டத்தில் சேர்ந்திருப்பது சட்டப்படி கட்டாயம்.

குடித்தனக்காரரை இழுப்பது

அவருக்கு இதில் சம்பந்தமில்லை.

பில்லை இழுப்பறையில் போட்டு வைப்பது

பணம் கேட்டு ஏஜென்ட் கவுண்டி நீதிமன்றத்துக்கு (சிவில் வழக்குகளுக்கான நீதிமன்றம்) போய்விட்டால், வழக்குப் படிவம் கிடைத்ததும் 14 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். பேசாமல் இருந்தால் உங்கள் நியாயத்தை யாரும் கேட்காமலேயே தீர்ப்பாகிவிடும். அந்தத் தொகையை ஒரு மாதத்துக்குள் கட்டித் தீர்க்காவிட்டால், தீர்ப்பு ஆறு ஆண்டுகள் நீதிமன்றத் தீர்ப்புகளின் பதிவேட்டில் நிற்கும். அடுத்த மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) கேட்கும்போது வங்கி அதைப் பார்க்கும்.