சக்கிமுக்கித் துப்பாக்கி கிட் வாங்குமுன்: ஒரு ஃபௌலரின் காலப் பொருத்தத்தை எடைபோடுவது எப்படி?

நீண்ட குழல், மெலிந்த கட்டை, உள்ளே வரியில்லாத வழவழப்பு: இதுதான் ஃபௌலர். பெயருக்குப் பறவை வேட்டைத் துப்பாக்கி. சிறு ஈயக் குண்டுகளான ரவையைக் கெட்டித்தால் வாத்து, ஒற்றைக் குண்டைக் கெட்டித்தால் மான். ஊர்க்காவல் படைக்கு அழைப்பு வந்தால் அதையே தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டன், கான்கர்டு பக்கம் திரண்ட மாசசூசெட்ஸ் விவசாயிகள் பலர் கையில் இருந்தது இந்த வகைதான். அமெரிக்காவின் பழைய துப்பாக்கிகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. பெயர்பெற்ற பென்சில்வேனியா ரைஃபிளைவிட, சாதாரணக் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை இதில்தான் அதிகம் படிந்திருக்கிறது.

இன்று அமெரிக்காவில் இதைப் பாகங்களாக வாங்கி, நாமே செதுக்கி, பொருத்தி முடிக்கலாம். 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இத்தகைய முன்வாய்க் கெட்டிப்புத் துப்பாக்கிகளின் (குழல் வாய் வழியே மருந்தும் குண்டும் கெட்டிப்பவை) நகல்களைப் பழம்பொருள் வகையில் சேர்ப்பதால், பெரும்பாலான மாநிலங்களில் கிட் தபாலிலேயே வீட்டுக்கு வந்துவிடும். மாநிலச் சட்டங்கள் வேறுபடும். முதலில் அதைப் பாருங்கள். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே இதற்கும் ஆயுத உரிமம் கட்டாயம்.

படி 1: ஊரையும் ஆண்டையும் முடிவு செய்யுங்கள்

விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: யார், எங்கே, எப்போது. "மாசசூசெட்ஸ், 1770, ஓரளவு வசதியுள்ள விவசாயி" என்ற அளவு போதும். இதை எழுதாமல் கிட் வாங்கினால் பிறகு எந்தக் கேள்விக்கும் விடை சொல்ல முடியாது. "இது அசலைப் போல இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த அசல் என்று சொன்னால்தான் ஒப்பிட முடியும்.

ஆங்கிலேய ஃபௌலர் வால்நட் மரத்தில், ஒல்லியாக, அடக்கமான அழகோடு இருக்கும். மாசசூசெட்ஸ் அடங்கிய வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் செய்தவை இன்னும் நீளம். மேப்பிள், செர்ரி, வால்நட் என்று கிடைத்த மரத்தில் செய்தார்கள். நியூயார்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கில் டச்சுக் குடியேறிகள் விரும்பியவை ஆள் உயரத்தையும் தாண்டும். கனடா, பெரிய ஏரிகள் பக்கம் பிரெஞ்சு வேட்டைத் துப்பாக்கி. அதன் பின்கட்டை மாட்டுக் காலைப் போலக் கீழ்நோக்கி வளையும். ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குச் சேராது.

படி 2: எந்த நிலை கிட்?

மூன்று நிலைகள் உண்டு. வெறும் மரப்பலகையும் பாகங்களும் கொண்டது தொடக்கநிலையினருக்கு வேண்டாம். கட்டையைப் பாதி செதுக்கி, குழலுக்குப் பள்ளம் எடுத்துத் தருவது இரண்டாவது. ஜிம் சேம்பர்ஸ் பெயரில் வந்த கிட்கள் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்றாவது, கணினி இயந்திரத்தில் வெட்டி, ஏறக்குறைய எல்லாம் பொருந்தும்படி வருவது. ஜிம் கிப்லரின் கிட்களால் இது பரவலானது. இரண்டாவதும் மூன்றாவதும் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும்.

முதல்முறை செய்பவருக்கு மூன்றாவதையே சொல்வேன். அதில் நீங்கள் வடிவத்தைக் கெடுக்க வாய்ப்பு குறைவு. ஆனால் வடிவத்தை மாற்றவும் வாய்ப்பு குறைவு. உங்கள் தாளில் எழுதிய ஊரும் ஆண்டும் அந்த கிட்டோடு ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள்.

மலிவாக இன்னொரு வழியும் கண்ணில் படும்: இந்தியாவில் செய்து, பற்றுவாய்த் துளை (குழலுக்குள் தீ போகும் சிறு ஓட்டை) போடாமல் ஏற்றுமதியாகும் முழுத் துப்பாக்கிகள். போர் நிகழ்வுகளை நடித்துக் காட்டுவோர் பலர் இவற்றை வைத்திருக்கிறார்கள். பலவற்றின் கட்டை தேக்கு அல்லது அதைப் போன்ற கனமான மரம். தூரத்தில் நின்று பார்க்க ஒப்பும். கையில் எடுத்தால் எடையும் பருமனும் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 3: ஒவ்வொரு பாகத்துக்கும் வயது கேளுங்கள்

இந்தப் பதிவின் மையம் இதுதான். ஒரு துப்பாக்கி, தன்னில் உள்ள மிகப் புதிய பாகத்தைவிடப் பழையதாக இருக்க முடியாது. 1750-ஐச் சேர்ந்தது என்று சொல்லும் கிட்டில் 1790-இன் ஒரு திருகு இருந்தாலும் அது 1790-இன் துப்பாக்கி. ஆகவே கிட்டின் பெயரை நம்பாமல் பாகங்களின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

லாக்கிலிருந்து தொடங்குங்கள். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும் குதிரை, கல் மோதித் தீப்பொறி சிந்தும் ஃப்ரிஸன், வெடிமருந்து வைக்கும் கிண்ணம் எல்லாம் சேர்ந்த பொறி அது. ஆங்கிலேய லாக்கின் முகத்தகடு 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உருண்டு, வாழைப்பழ வளைவோடு இருக்கும், பிற்பாதியில் தட்டையாகிவிட்டது. ஃப்ரிஸன் தன் வில்லோடு (ஸ்ப்ரிங்) உராயும் இடத்தில் சிறு உருளை தெரிந்தால், அது நூற்றாண்டின் கடைசிக் காலத்து வசதி. அமெரிக்க கிட்களில் நெடுங்காலமாகப் புழங்கும் சைலர் லாக் தரமானது, ஆனால் ஜெர்மானிய வடிவம். பென்சில்வேனியா ரைஃபிளுக்கு அது பொருந்தும். லண்டன் ஃபௌலரில் மாட்டினால் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

அடுத்து குழல். பெரும்பாலான நல்ல ஃபௌலர்களில் அடிப்பகுதி எட்டுப்பட்டையாகத் தொடங்கி, ஒரு வளையத்தோடு உருளையாக மாறும். அடியில் தடித்து, வேகமாக மெலிந்து போகவேண்டும். கடைசிவரை ஒரே பருமனில் போகும் குழல் துப்பாக்கியை முன்பாரமாக்கிவிடும். பறக்கும் பறவையைத் தொடர கை வராது. 20 போர் (bore, குழல் துளையின் அளவு) என்றால், குழல் வாய்க்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் 20 சேர்ந்தால் ஒரு பவுண்டு; விட்டம் சுமார் 0.615 அங்குலம். தொடங்குபவருக்கு இதுவே வசதி. 42 அங்குலக் குழலோடும் 7 பவுண்டுக்குள் அடங்கும் கிட் என்றால் குழலை ஒழுங்காக வடித்திருக்கிறார்கள் என்று நம்பலாம்.

குழலின் பின்னடைப்பையும் பாருங்கள். லண்டன் துப்பாக்கி செய்பவர் ஹென்றி நாக் தன் காப்புரிமை பெற்ற அடைப்பைக் கொண்டுவந்தது 1787-இல். அந்த வடிவம் அமெரிக்கப் புரட்சிக்கால ஃபௌலரில் இருக்க வழியில்லை.

மரம்: ஆங்கிலேயத் துப்பாக்கிக்கு வரிவரியாய் மின்னும் மேப்பிள் சேராது, எவ்வளவு அழகாக இருந்தாலும். விற்பவர் "கூடுதல் வரி மேப்பிள்" என்று தனி விலை சொல்வார். உங்கள் விவசாயி ஆங்கிலேயத் துப்பாக்கி வைத்திருந்தால் அந்தப் பணத்தை நல்ல வால்நட்டுக்குக் கொடுங்கள்.

பித்தளைப் பாகங்களில், பின்கட்டையின் முடிவில் வரும் அடித்தகட்டின் மேல்நுனியைக் கவனியுங்கள். முற்காலத்தில் நீண்டு படிப்படியாகக் குறுகும், பிற்காலத்தில் சுருங்கிவிடும். திருகுகளில் ஒற்றைக் கோடு மட்டுமே. நட்சத்திரத் தலைத் திருகு 1930-களின் சரக்கு.

நியூ இங்கிலாந்துக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, அதுதான் அந்தப் பகுதியை இவ்வளவு சுவையாக்குகிறது. அங்கே பழைய பாகங்களை வீணாக்கவில்லை. உடைந்த ஆங்கிலேயப் படைத் துப்பாக்கியான மஸ்கெட்டின் லாக், போரில் கைப்பற்றிய பிரெஞ்சுக் குழல், உள்ளூர் மேப்பிள் கட்டை என்று ஒரே துப்பாக்கியில் கூடும். ஆக, கலப்பு தவறில்லை. ஆனால் பழையது புதியதில் வரலாம்; பின்னால் வரப்போவது முன்கூட்டி வராது. பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டுவதற்காக முன்கட்டையைச் சில அங்குலம் வெட்டிய ஃபௌலர்களும் உண்டு. ஊர்க்காவல் படைக்காரர் ஒருவரை நீங்கள் எழுதியிருந்தால் அதைச் செய்து பார்க்கலாம்.

படி 4: மரத்தைக் குறையுங்கள், இன்னும் குறையுங்கள்

பாதி செதுக்கிய கிட்டில் மரம் எப்போதும் மிகுதியாக வரும். தொடங்குபவர் பயந்துபோய் சீக்கிரம் நிறுத்திவிடுவார். அசல்களில் குழலை ஒட்டிய மரம் மெல்லிய ஓரமாக நிற்கும். லாக்கைச் சுற்றிய சமதளம் ஒடுங்கியிருக்கும். கைப்பிடி இடம் விரல்களுக்குள் அடங்கும். எல்லாப் பாகமும் சரியாக இருந்தும் கட்டை தடித்துவிட்டால் முழுத் துப்பாக்கியும் பொய்யாகிவிடும். வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகங்கள் போன்ற இடங்களில் அசலைக் கண்ணாடிக்கு அப்பால் நின்றாவது பக்கவாட்டிலும் மேலிருந்தும் பாருங்கள். பக்கவாட்டுப் படங்கள் எங்கும் கிடைக்கும். மேலிருந்து எடுத்தவைதான் பருமனைச் சொல்லும்.

படி 5: எங்கே விட்டுக்கொடுக்கலாம்?

குழல் நவீன எஃகு, அசல் தேனிரும்பு. இதில் விட்டுக்கொடுப்பதுதான் அறிவு. பற்றுவாய்க்கு உள்பக்கம் குடைந்த எஃகுச் செருகி வைத்தால் சீக்கிரம் தீப்பிடிக்கும். அசலில் பெரும்பாலும் வெறும் துளைதான். வேட்டைக்குப் போகிறவர் செருகி வைக்கட்டும். முகம் சீவிவிட்டால் வெளியே தெரியாது.

குறிபார்க்கக் குழலின் பின்பக்கம் வைக்கும் பின்குறி மட்டும் வேண்டாம் என்பேன். ஃபௌலருக்கு முன்னால் ஒரு சிறு பித்தளை அல்லது வெள்ளி மணி போதும். பளபளக்கும் பாலியூரித்தேன் பூச்சும் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் வார்னிஷ் அந்தக் காலத்தது. பாலியூரித்தேனை விட அதிக உழைப்பு கேட்கும், பார்வைக்கு ஈடில்லை.

புதுத் துப்பாக்கியை அடித்து, கீறி, துருவேற்றிக் கிழடாக்கும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. 1770-இன் விவசாயியிடம் இருந்தது 250 ஆண்டு பழைய துப்பாக்கி அன்று. லண்டன் துப்பாக்கி செய்பவர் ஒருவரின் பெயரையோ போலிச் சோதனை முத்திரையையோ குழலில் பொறிப்பது இன்னும் மோசம். நாளை அது அசலென்று விலைபோகும். உங்கள் பெயரையும் செய்த ஆண்டையும் பொறியுங்கள்.

படி 6: முதல் வெடிக்கு முன்

அமெரிக்காவில் குழலைச் சோதித்து முத்திரையிட அரசு நிலையம் இல்லை. பிரிட்டனில் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் உண்டு. எனவே பின்னடைப்பைக் குழல் செய்தவரே பொருத்தித் தரும் கிட்டாக வாங்குங்கள். கருமருந்து மட்டுமே, நவீனப் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூடக் கூடாது, குழல் பிளந்துவிடும். 1933 முதல் இயங்கும் தேசிய முன்வாய்க் கெட்டிப்பு ரைஃபிள் சங்கம் இந்தியானாவின் ஃப்ரெண்ட்ஷிப்பில் போட்டிகள் நடத்துகிறது. அங்கேயோ உங்கள் ஊர்க் கழகத்திலோ அனுபவமுள்ள ஒருவரிடம் முடித்த துப்பாக்கியைக் கொடுத்து, பின்னடைப்பு, பற்றுவாய் இருக்கும் இடம், குதிரை பாதி இழுப்பில் நழுவாமல் நிற்கிறதா என்ற மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு கெட்டியுங்கள்.