முதலில் வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் 30 வருஷம் டை காஸ்டிங் ஷாப்பில் குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்ற கையோடு பழைய பொம்மைக் கார் வாங்க ஆரம்பித்ததும் வீட்டில் சிரித்தார்கள். எனக்கென்னவோ அதுவும் எங்கள் உருப்படிதான். துத்தநாகக் கலவையை உருக்கி, டை எனும் இரும்பு அச்சுக்குள் அழுத்தி எடுத்தது.

கண்டதையும் வாங்காதீர்கள், ஒரு கம்பெனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்தது லண்டன் லெஸ்னி. மேட்ச்பாக்ஸ் வரிசையை 1953-ல் தொடங்கியவர்கள். அவர்களில் ஒருவரான ஜாக் ஓடெலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைக்குத்தான் அனுமதியாம். அதில் பிறந்ததுதான் அந்த அளவும் பேரும்.

வண்டி கைக்கு வந்ததும் பளபளப்பில் மயங்க வேண்டாம். கவிழ்த்து அடித்தட்டைப் பாருங்கள். லெஸ்னி பெயரும் இங்கிலாந்தும் கூர்மையாகத் தெரிய வேண்டும். அடுத்தது ரிவெட், அதாவது அடித்தட்டைப் பாடியோடு பிணைக்கும் முளை. பொதுவாக பாடிக்குப் பெயிண்ட் அடித்த பிறகுதான் அடித்தட்டைப் பொருத்தி ரிவெட்டை நசுக்குவார்கள். ஆகவே ரிவெட் தலை வெறும் உலோகமாக இருக்கும். அதன்மேல் பெயிண்ட் படிந்திருந்தாலோ, துளைத்து ஸ்க்ரூ போட்டிருந்தாலோ யாரோ கை வைத்திருக்கிறார்கள். இது தெரிந்தும் முதல் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சிவப்பு டபுள் டெக்கர் பஸ்ஸுக்கு 1,200 ரூபாய் அழுதேன். வீட்டு விளக்கில் பார்த்தால் ரிவெட்டும் சிவப்பு! முகர்ந்தால் தின்னர் வாடை வேறு.

சக்கரம் காலத்தைச் சொல்லும். ஆரம்பத்தில் உலோகம், பிறகு சாம்பல் நிற பிளாஸ்டிக், அப்புறம் கறுப்பு. 1968-ல் அமெரிக்காவிலிருந்து ஹாட் வீல்ஸ் வந்து வேகம் காட்டியதும், 1969-லிருந்து இவர்களும் மெல்லிய அச்சுக்கம்பியில் சூப்பர்ஃபாஸ்ட் சக்கரத்துக்கு மாறினார்கள். ஒரே மாடலுக்குச் சக்கரத்தை வைத்தே விலை ஏறி இறங்கும் என்பதால் மாற்றி மாட்டும் ஆட்களும் உண்டு. அச்சுக்கம்பி நுனியில் புதுக் கீறல் இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி (இன்னொரு பிரிட்டிஷ் பொம்மைக் கார் வரிசை) வண்டியில் மயிரிழை விரிசல் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். கலவையில் துளி ஈயம் சேர்ந்துவிட்டாலும் வருஷக்கணக்கில் உள்ளுக்குள் அரித்து, உப்பி, பொடியாகிவிடும். மருந்து கிடையாது. பக்கத்து வண்டிக்குத் தொற்றாது, அதுவரை நிம்மதி. எங்கள் ஃபோர்மேன் சால்டரிங் ஈயத்தை உலைப் பக்கமே விட மாட்டார்.

டிங்கியின் பழைய டைகள் சில கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் வண்டிகளாயின. ஓரங்கள் மழுங்கலாகத்தான் இருக்கும், பெயிண்டும் சுமார். ஆனாலும் நம்மூர் ஆட்கள் ஓட்டிய டை என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம்.

கழுவுவதானால் வெதுவெதுப்பான நீர், துளி சோப்பு, மெத்தென்ற பிரஷ் போதும். காகித லேபிள் இருந்தால் தண்ணீரே வேண்டாம். அட்டைப் பெட்டி கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள், பாதி விலை அதில்தான். வெயில் படாத அலமாரி, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். சென்னைப் புழுக்கத்துக்கு மாதாமாதம் மாற்றுகிறேன்.

அந்தச் சிவப்பு பஸ்ஸுக்கு மட்டும் அலமாரியில் இடமில்லை. பேரன் வந்தால் தரையில் ஓடும்.